மாதம் மூவாயிரம் பார்வை: விளம்பரம் போடலாமா?

கேள்வி: பழைய வீடுகளைப் பேனாவால் வரைந்து என் சொந்தத் தளத்தில் போட்டு வருகிறேன். மாதம் சுமார் மூவாயிரம் பார்வை. டொமைன் (தளத்தின் பெயர்), ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் சர்வர் வாடகை) எல்லாம் சேர்த்து வருடத்துக்கு நாலாயிரம் ரூபாய் ஆகிறது. கூகுளின் தானியங்கி விளம்பரச் சேவையான ஆட்சென்ஸைப் போட்டால் அந்தச் செலவாவது தேறுமா? – கும்பகோணம் வாசகர்

தேறாது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஆயிரம் பார்வைக்கு அரை டாலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். உங்களுக்கு மாதம் ஒன்றரை டாலர். ஆட்சென்ஸ் கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும்; அதற்கு ஐந்தரை வருடம் ஆகும். அதற்குள் டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்குமாக இருபதாயிரத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள். 10 டாலர் தொட்டதும் முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் ஒரு பின் எண் அனுப்புவார்கள். உங்கள் வேகத்தில் அந்தத் தபாலுக்கே ஏழு மாதம் காத்திருக்க வேண்டும்.

அனுமதி கிடைப்பதும் சுலபமில்லை. 2018 முதல் தமிழ்ப் பக்கங்களுக்கும் ஆட்சென்ஸ் உண்டு, மொழி பிரச்சினை இல்லை. ஆனால் படமும் ஒரு வரித் தலைப்பும் மட்டும் உள்ள தளங்களை ‘மதிப்புக் குறைந்த உள்ளடக்கம்’ என்று திருப்பி அனுப்பிவிடுவது வழக்கம். அப்புறம், சொந்தக்காரர்களை கிளிக் பண்ணச் சொல்லும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். கணக்கையே மூடிவிடுவார்கள்.

பணத்தை விட எனக்கு உறுத்துவது வேறு. என் சிறுகதைத் தளத்தில் இரண்டு வருடம் ஒரு நிறுவனத்தின் தானியங்கி விளம்பரம் ஓடியது. ஒருநாள் பஸ்ஸில் போகும்போது என் கதையை போனில் நானே திறந்தேன். அம்மாவின் சடலத்தை வாசலில் கிடத்தியிருக்கும் பத்தி. அடுத்த பத்திக்கு முன்னால் ‘ஐந்தே நிமிடத்தில் கடன்’ என்று பச்சைப் பட்டன் மினுக்கியது. அது வந்து உட்கார்ந்ததில் எழுத்து கீழே நகர்ந்து, படித்த இடமும் தொலைந்தது. அன்றைக்கே எடுத்துவிட்டேன். ஜோதிடம், திடீர்ப் பணக்காரர் மாதிரியான வகைகளைத் தடுக்க ஆட்சென்ஸில் வசதி இருக்கிறதுதான். ஆனால் தடுக்கத் தடுக்க உங்கள் பக்கத்து இடத்துக்கு ஏலம் கேட்கும் விளம்பரதாரர்கள் குறைவார்கள், வரும் காசும் குறையும். கோட்டோவியம் வெள்ளை இடத்தை நம்பி நிற்பது. அதன் பக்கத்தில் அசையும் பெட்டி எதுவும் வேண்டாம்.

சரி, நாலாயிரத்துக்கு என்ன வழி? உங்கள் ஊரில் பிரேம் போடும் கடை இருக்கும், வரைபொருள் விற்கும் கடை இருக்கும். ஒருவரிடம் போய் மாதம் நானூறு ரூபாய்க்கு என் தளத்தில் ஒரு சின்ன விளம்பரப் படம் போடுகிறேன் என்று கேளுங்கள். வருடத்துக்கு 4,800. பார்வை எண்ணிக்கையை உள்ளபடியே சொல்லுங்கள், கும்பகோணத்து ஆட்கள் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதையும் சேர்த்து. கடைக்காரருக்கு அதுதான் முக்கியம். அவர் மறுத்தால் ஓவியத்தின் அச்சுப் பிரதி ஒன்றை ஐந்நூறு ரூபாய்க்கு விற்றுப் பாருங்கள். அச்சுக்கூலி, தபால் போக இருநூறு நின்றாலும் இருபது பிரதியில் செலவு அடைந்துவிடும்.

கடை விளம்பரம் கிடைத்தால் அதைச் சாதாரணப் படமாகவே ஏற்றுங்கள், வெளியார் தரும் ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் நிரல்) வேண்டாம். மேலே ‘விளம்பரம்’ என்று எழுதுங்கள். படத்திலிருந்து கடைக்குப் போகும் இணைப்பின் குறியீட்டில் ‘ஸ்பான்சர்டு’ (sponsored) அடையாளத்தையும் சேர்த்துவிடுங்கள். காசு வாங்கிப் போடும் இணைப்புகளுக்கென்று கூகுள் 2019-ல் கொண்டுவந்தது அது. சேர்க்காமல் விட்டால் தேடலில் உங்கள் தளத்துக்குத்தான் கெட்ட பெயர்.