இடுப்பு ‘கீச்’ என்கிறது, டாக்டர்!

கேள்வி: எனக்கு வயது 56. ஒன்றரை வருடம் முன்பு வலது இடுப்பு மூட்டை மாற்றினார்கள். நன்றாகவே நடக்கிறேன். ஆனால் மூன்று மாதமாகக் குனிந்து எழுந்தால் ‘கீச்’ என்று சத்தம். “பாட்டிக்கு எண்ணெய் போடணும்” என்று பேரன் கேலி செய்கிறான். காரில் ஏறக் காலைத் தூக்கினால் தொடை இடுக்கில் சுருக்கென்று வலிக்கிறது. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறதாம். எல்லாம் என் பிரமை என்கிறார்கள்.

பதில்: பிரமை இல்லை அம்மா. இப்படித்தான் ஒருவர் தன் இடுப்புச் சத்தத்தைக் கைபேசியில் பதிவு செய்து வந்து போட்டுக் காட்டினார். நான் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தேன்!

முதலில் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். பொருத்திய மூட்டின் ஸ்டிக்கர் அதில் ஒட்டியிருக்கும். தொடை எலும்பின் உச்சியில் பொருத்திய பந்தும், அது சுழலும் இடுப்பெலும்புக் கிண்ணத்தின் உள்ளுறையும் இரண்டுமே செராமிக் என்றால், சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். பேரன் சொன்னதில் பாதி சரி. இரண்டுக்கும் நடுவே மூட்டுத் திரவம் மெல்லிய படலமாக நிற்க வேண்டும். கிண்ணம் சற்றுச் சாய்ந்திருந்து பந்து அதன் விளிம்பில் உராய்ந்தால் படலம் அறுந்து கீச்சிடும். வலியில்லாத சத்தத்துக்குப் பொதுவாக அறுவை தேவையில்லை. எந்த அசைவில் வருகிறதோ அதைத் தவிர்த்தாலே பலருக்குப் போதும்.

ஆனால் கீச்சொலி திடீரென்று நறநறப்பாக மாறினால் காத்திருக்காதீர்கள். செராமிக்கில் சில்லு பெயர்ந்திருக்கலாம். அப்போது மறு அறுவையில் உலோகப் பந்து மாட்டினால் மிஞ்சிய துகள்களே அதை அரம் போல ராவிவிடும். அதனால் மறுபடி செராமிக் பந்துதான் போடுவோம்.

சரி, அந்தச் சுருக் வலி? எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. காலைத் தூக்கும் இலியோசோவாஸ் தசையின் நாண் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு), கிண்ணத்தின் முன்விளிம்பை ஒட்டியே ஓடுகிறது. விளிம்பு கொஞ்சம் துருத்தியிருந்தாலும், தூக்கும்போதெல்லாம் நாண் அதில் உரசும். சாதாரண எக்ஸ்ரேயில் நாண் தெரியாது. விளிம்பு துருத்துவதை சி.டி. ஸ்கேன் காட்டும். அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி நாணைச் சுற்றி மரப்பு ஊசி போடுவோம். வலி சட்டென்று விட்டால் காரணம் பிடிபட்டது. அப்புறம் பிசியோதெரபி, அதற்கும் மசியாவிட்டால்தான் நாணைத் தளர்த்தும் சிறு அறுவை, அல்லது கிண்ணத்தை மாற்றுவது.

இதற்கெல்லாம் முன்பு உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை இரண்டையும் கேட்டு வாங்குங்கள். மூட்டில் மெதுவாகப் புகையும் கிருமித்தொற்றும் தொடை இடுக்கில்தான் வலிக்கும். காய்ச்சலே இல்லாமல்கூட இருக்கும். உங்கள் சர்ஜனிடம் போகும்போது, ஸ்டிக்கரோடு சத்தத்தையும் பதிவு செய்து எடுத்துப் போங்கள்.