மாப்பிள்ளை ஏன் ஓடவில்லை?

அன்புள்ள அண்ணா,

என் மகள் வீட்டுக்காரர் சிகாகோவில் தபால்காரர். போன மாதம் அங்கே போயிருந்தேன். ஒருநாள் தபால் அதிகமாம், காலையிலேயே சூப்பர்வைசரிடம் ஏதோ படிவம் வாங்கி, 'எட்டு மணி நேரத்தில் முடியாது, ஒன்றரை மணி கூட வேண்டும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். கொஞ்சம் எட்டி நடந்து, சாப்பாட்டு நேரத்தை விட்டால் முடிகிற வேலைதானே? என் அப்பா டர்பன் நகராட்சியில் 30 வருடம் இருந்தார், ஒருநாளும் நேரம் பார்த்ததில்லை. தொழிற்சங்கம் என்பது சோம்பேறித்தனத்துக்குச் சட்டம் போடவா?

எஸ்., சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள எஸ்.,

மாப்பிள்ளையிடம் இதை நேரில் கேட்டுவிட்டு வரவில்லையே? நல்லது.

அந்தப் படிவத்துக்கு எண் 3996. தபாலோடு வெளியே கிளம்பும் முன்பே காரணத்தைச் சொல்லிக் கேட்டால் சூப்பர்வைசர் அதைக் கொடுத்தாக வேண்டும். 'முடியும், போ' என்று அவர் மறுக்கலாம், ஆனால் மறுத்ததும் அதே தாளில் ஏறும். இதைச் சங்கம் தனியாகக் கொண்டுவந்ததாக நினைக்காதீர்கள், தபால் துறையின் சொந்தக் கையேட்டில் இருக்கிறது. முடியாது என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு போவதுதான் அங்கே தப்பு.

சரி, ஓடினால் என்ன? ஒரு தபால்காரரின் தெருக்களை அளக்க ஆறு நாள் தபாலை எண்ணுவார்கள், அதில் ஒருநாளாவது அதிகாரி கூடவே நடந்து வந்து நேரம் குறிப்பார், மொத்த வேலையை எட்டு மணிக்குப் பக்கத்தில் கொண்டுவருவதுதான் நோக்கம். அந்த வாரம் சாப்பிடாமல் ஓடுகிறவருக்கு ஏழு மணியில் வேலை முடியும், உடனே இன்னும் இரண்டு தெருவைச் சேர்ப்பார்கள். அவர் ரிட்டயர் ஆனதும் அந்தத் தெருக்கள் முட்டி தேய்ந்த இன்னொருவர் தலையில் விழும். பையின் எடைக்கும் அங்கே வரம்பு உண்டு, 35 பவுண்டு. பத்து கிலோ அரிசிப் பையைத் தோளில் மாட்டி, மேலே இன்னொரு ஆறு கிலோ வைத்து, ஒருநாள் பூரா படியேறிப் பாருங்கள். படி ஏறும்போது கடிதங்களைப் புரட்டக்கூடாது என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். யாரோ விழுந்திருப்பார்கள், வேறென்ன.

இன்னொரு விஷயம், அவர்கள் வேலைநிறுத்தம் செய்யச் சட்டத்தில் இடமில்லை. 1970 மார்ச்சில் நியூயார்க்கில் சட்டத்தை மீறித்தான் இறங்கினார்கள், ஒரு வாரத்துக்குள் ஊர் ஊராகப் பரவி ரெண்டு லட்சம் பேர் சேர்ந்தார்கள், அதிபர் நிக்சன் தபால் பிரிக்கப் பட்டாளத்தை அனுப்பினார். அந்த வருடமே சம்பளம் பேசுகிற உரிமை வந்தது, வேலைநிறுத்தத் தடை மட்டும் அப்படியே நின்றது. அதனால் அவர்கள் கையில் இருப்பது தாள்தான். மேலதிகாரி சொன்னதை முதலில் செய், அப்புறம் புகார் கொடு, இதுதான் அங்கே வழி. அதுவும் 14 நாளுக்குள். தவறினால் போச்சு.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், பட்டுத் தெரியும். டர்பனில் ஒரு துணி ஃபாக்டரியில் இருந்தபோது நாங்கள் ஏழு பேர் சாப்பாட்டு நேரத்திலும் மெஷினை ஓட்டினோம். மேஸ்திரி ஒரு சிவப்பு அட்டை நோட்டை எடுத்து, பென்சிலை நாக்கில் தொட்டு, 'குறிச்சுட்டேன்' என்பார். தென்னாப்பிரிக்காவின் 1997 வேலைச் சட்டப்படி வாரம் 45 மணி, நாம் சம்மதித்தால்தான் ஓவர்டைம், எல்லாம் சுவரில் ஒட்டியிருந்தது. ஃபாக்டரியை இழுத்து மூடிய அன்றைக்கு நோட்டைக் காணோம். எங்கள் கையில் ஒரு வரிகூட இல்லை.

சங்கத்தில் சோம்பேறியே கிடையாது என்று சொல்ல மாட்டேன். அப்படி ரெண்டு பேரைச் சங்கத்தின் பேரில் நானே காப்பாற்றியிருக்கிறேன், இன்னும் உறுத்துகிறது.

உங்கள் அப்பா நேரம் பார்க்கவில்லை, சரி. அவருக்கும் முன்னால் 1860-லிருந்து இந்தியாவை விட்டு இங்கே கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தார்கள்: ஐந்து வருடம், முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங். அதில் ஒரு வார்த்தையாவது அவர்களைக் கேட்டு எழுதியதா? உங்கள் மாப்பிள்ளையின் ஒப்பந்தத்தில் பாதியாவது அவர் ஆட்கள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பேசி வாங்கியது.

அடுத்த முறை போனில் பேசும்போது ஒன்று மட்டும் கேளுங்கள், அந்த 3996-க்கு நகல் வாங்கி வைத்தாரா என்று. கேட்டால் கொடுப்பார்கள். கேட்காவிட்டால் யாரும் தர மாட்டார்கள்.