“சாப்பிட்டாச்சு மேடம்”

கேள்வி: அரசுக் கல்லூரியில் விரிவுரையாளராக இருக்கிறேன். முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி முதல் வகுப்பிலேயே மேசையில் தலை சாய்த்துவிடுகிறாள். போன வாரம் மயங்கியே விழுந்துவிட்டாள். கேட்டால், “சாப்பிட்டாச்சு மேடம்” என்கிறாள். விடியற்காலை முதல் பஸ்ஸில் வருகிறவள். அப்பா இல்லை, அம்மாவுக்குக் கூலி வேலை. பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்கிறாள். அவள் மனம் நோகாமல் எப்படி உதவுவது?
- ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: முதலில், “சாப்பிட்டியா?” என்று கேட்பதை விட்டுவிடுங்கள். 31 வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் நான். பசியோடு இருக்கிற பிள்ளை அந்தக் கேள்விக்கு உண்மை சொல்லிப் பார்த்ததே இல்லை.

எனக்குக் காட்டிக்கொடுத்தது திங்கட்கிழமைதான். சனி, ஞாயிறு மையம் கிடையாது. திங்கள் மதியம் மூன்றாவது தடவையும் தட்டை நீட்டுவது யார் என்று கவனித்துக்கொள்வேன். ஒரு பையன் உரித்த முட்டையை நோட்டுத் தாளில் சுற்றிக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். தாளில் எழுதியிருந்த மை முட்டை மேல் நீலமாகப் பதிந்திருக்கும். வீட்டில் சின்னத் தங்கை. நான் ஒன்றும் கேட்டதில்லை. யாராவது வராத நாளில் மிச்சமிருக்கும் முட்டையை அவன் தட்டில் வைத்து, “இதை இங்கேயே சாப்பிடு” என்பேன்.

1982-இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு இரண்டே வருடத்தில் பத்தாம் வகுப்பு வரை போனது. அதோடு நின்றுவிட்டது. 2022-இல் வந்த காலை உணவுத் திட்டமும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்காக வந்ததுதான். பதினொன்றாம் வகுப்புக்குப் போனதும் பிள்ளைக்கு வயிறு இல்லாமல் போய்விடுமா? கல்லூரியிலும் ஒருவேளை சோறு போட வேண்டும் என்று பார்க்கிற அதிகாரியிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, இப்போது செய்யக்கூடியது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் அவளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வர வேண்டும். வருகிறதா என்று உங்கள் கல்லூரியில் அதைப் பார்க்கிறவரிடம் விசாரியுங்கள். ஆதார் இணையாத வங்கிக் கணக்கால் பணம் நின்றுபோன பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். அப்புறம் ரேஷன் கார்டு. அம்மா கணவரை இழந்தவர் என்றால், மிகவும் ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுக்கிற அந்தியோதயா கார்டு கேட்டு வட்ட வழங்கல் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். கிடைத்தால் மாதம் 35 கிலோ அரிசி, காசு இல்லாமல். மனுவை நீங்களே உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். படித்தவர் எழுதின மனுவுக்கு அலுவலகத்தில் மரியாதையே வேறு, இது நான் கண்ணால் கண்டது. மயங்கி விழுந்ததால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தமும் பார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் கைக்கு வர மாதக்கணக்காகும். அதுவரை ஆசிரியர்கள் நாலு பேர் சேர்ந்து சுண்டலோ பழமோ வாங்கி, முதல் வகுப்புக்கு முன்னால் வகுப்பு மொத்தத்துக்கும் கொடுங்கள். அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டாம், மறுநாள் கல்லூரிக்கே வரமாட்டாள். எல்லோரும் எடுக்கும்போது அவளும் எடுப்பாள். இரண்டாவது தடவை கை நீட்டுகிற வேறு பிள்ளைகளும் உங்கள் கண்ணில் படுவார்கள்.

திங்கட்கிழமையே ஆரம்பித்துவிடுங்கள்.