எளிய விதிகளா, கனமான விதிகளா? ரோல்பிளேயிங் மேசையில் சுமை யார் தலையில்?

ரோல்பிளேயிங் என்பது ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டி, கூட்டாகக் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டு. அதைப் பற்றி வாசகர் ஒருவரின் கேள்வி இது: "நாங்கள் ஐந்து நண்பர்கள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, தலா மூன்று மணி நேரம் கிடைக்கும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2014 பதிப்பின் மூன்று முக்கியப் புத்தகங்களையும் வாங்கிப் படித்துவிட்டேன். கேமை நடத்தும் டிஎம் நான்தான், எனக்கு இது முதல் முறை. மற்றவர்களில் ஒருவனுக்கு விதிகள் என்றால் உயிர். மீதி மூவரும் கதைக்காக வருகிறார்கள், புத்தகத்தைத் தொட மாட்டார்கள். இதிலேயே தொடங்கலாமா, எளிமையான வேறு கேம் எடுக்கலாமா?"

இந்தக் கேள்வி பழையது. 1974-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி), 1977-லேயே பேசிக், அட்வான்ஸ்டு என்று இரண்டு தடங்களாகப் பிரிந்தது. 1981-ல் வந்த பேசிக் விதிநூல் 64 பக்கம்தான், கேரக்டரின் வளர்ச்சிப் படியான லெவலில் மூன்றாவது வரை அது போதும். 2019-ல் வந்த, இதே வகைக் கேமான பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பின் மைய நூல் 640 பக்கம். இரண்டுக்கும் விரும்பி ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பக்கத்தை எண்ணி முடிவெடுக்காதீர்கள். அந்த விதிகளின் சுமை யார் தலையில் இறங்குகிறது என்று பாருங்கள்.

ஒரே காட்சியை மூன்று கேம்களில் வைத்துப் பார்ப்போம். மாடத்தில் எதிரி நிற்கிறான். உங்கள் நண்பர், "திரைச்சீலையைப் பிடித்து ஊஞ்சல் மாதிரி ஆடிப்போய் அவனை எட்டி உதைக்கிறேன்" என்கிறார்.

டி அண்ட் டி-யில் ஊஞ்சலாட்டத்துக்குத் தனி விதி கிடையாது. பகடை எண்ணும் திறனின் கூடுதலும் சேர்ந்து 15 எடுக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். அந்தத் திறனில் அவருக்கு 5 கூடுதல் இருந்தால், 20 பக்கப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதாவது 55 சதவீத வாய்ப்பு. எதிரியை உதைத்துத் தள்ளிவிடுவதற்குத் தனி விதி புத்தகத்திலேயே இருக்கிறது. பாத்ஃபைண்டரில் ஒரு முறைக்கு மூன்று செயல்கள். நகர்வதற்கு ஒன்று, தள்ளுவதற்கு ஒன்று என்று செலவாகும். தள்ளுவதில் வென்றால் எதிரி 5 அடி பின்னால் போவான், தேவையான எண்ணைவிடப் பத்து கூடுதலாக வந்தால் 10 அடி, படுதோல்வி என்றால் தள்ளப்போனவரே கீழே விழுவார். எல்லாம் முன்கூட்டியே எழுதியிருக்கிறது.

இப்போது கெய்ர்ன். 2020-ல் யோகாய் கால் வெளியிட்ட சிறிய கேம் இது, விதிகள் இலவசம். இதில் அடி படுமா என்று பகடை உருட்டுவதே இல்லை, நேராகச் சேதத்துக்குத்தான் பகடை. "தவறினால் கீழே விழுவாய், பரவாயில்லையா?" என்று நீங்கள் முதலில் கேட்க வேண்டும். அவர் சரி என்றால், 20 பக்கப் பகடையில் தன் கேரக்டரின் சாமர்த்திய எண்ணுக்குள் உருட்டுவார். துணிச்சலான தந்திரம் பலித்தால் 12 பக்கப் பகடையில் சேதம் பார்க்கலாம். எது துணிச்சல், தவறினால் என்ன விலை என்பதை அந்த நொடியில் தீர்மானிப்பது நீங்கள்.

எளிய கேமில் சுமை காணாமல் போவதில்லை, நடத்துபவரின் தலைக்கு மாறுகிறது. அதனால் "புது டிஎம் என்றால் எளிய விதிகள்தான்" என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. சட்டென்று தீர்ப்புச் சொல்லத் தயங்குகிறவருக்கு, பதில் எழுதிவைத்த தடித்த புத்தகம் பெரிய துணை. ஆட வருகிறவர்களுக்கும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது: தன் வாய்ப்பு என்ன என்று கணக்குப் போட்டுவிட்டுத் துணியலாம், டிஎம்மின் அன்றைய மனநிலையை நம்பி இருக்க வேண்டாம்.

ஆனால் கனமான விதிகள் எல்லோரும் கொஞ்சமாவது படித்திருந்தால்தான் ஓடும். உங்கள் மேசையில் மூன்று பேர் படிக்க மாட்டார்கள். அப்படியானால் அந்த மூவரின் விதிகளையும் நீங்களே சுமப்பீர்கள். "என் ஸ்பெல் (மந்திரம்) என்ன செய்யும்?" என்று ஒவ்வொரு முறையும் உங்களைப் பார்ப்பார்கள். மூன்று மணி நேரத்தில் ஒரு சண்டைதான் முடியும். கதைக்காக வந்தவர்கள் போனை எடுத்துவிடுவார்கள்.

ஆகவே என் பதில்: முதல் நான்கைந்து சந்திப்புகளுக்கு கெய்ர்ன் எடுங்கள். மூன்று பெரிய புத்தகங்களை உட்கார்ந்து படித்தவர் நீங்கள், இந்தச் சுமையை விரும்பி ஏற்பீர்கள். கேரக்டர் உருவாக்குவது பகடை உருட்டினால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் சாகசத்தை நீங்களே எழுதாதீர்கள், தயாராக உள்ள ஒன்றை எடுங்கள். தீர்ப்பும் சொல்லி, கதையும் யோசிப்பது முதல் முறைக்கு அதிகம்.

இங்கே பலர் இடறுவது ஒன்று உண்டு. "விதிகளைப் பாதியாக வெட்டி டி அண்ட் டி-யையே ஆடுகிறோமே" என்பார்கள். எதை வெட்டுகிறோம் என்று தெரிந்தால் பரவாயில்லை. மூட்டையின் எடைக் கணக்கை விட்டுவிட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு ஸ்பெல்லில்தான் கவனம் குவிக்கலாம் என்ற கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால், மந்திரவாதி இரண்டு மூன்று பலத்த ஸ்பெல்களை ஒன்றாக ஓடவிட்டு மற்றவர்களுக்கு வேலையே இல்லாமல் செய்துவிடுவார்.

சின்ன கேமில் வெட்டுவது இன்னும் ஆபத்து. கெய்ர்னில் ஒருவர் பொருள்களைச் சுமக்கப் பத்து இடங்கள்தான். மந்திரம் போட்டால் களைப்பு வந்து அதில் ஓர் இடத்தை அடைத்துக்கொள்ளும். மந்திரத்துக்கான விலையே அதுதான். பொருள் கணக்கு சலிப்பு என்று அதைத் தூக்கினால், மந்திரம் இலவசமாகிவிடும். இருக்கிற கொஞ்ச விதிகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன, அப்படியே ஆடுங்கள்.

அப்புறம், அந்த விதிப் பிரியரான நண்பர். அவரை மறக்க வேண்டாம். கெய்ர்னில் லெவல் கிடையாது. காயத்தழும்பும் கண்டெடுத்த பொருளும்தான் வளர்ச்சி. வீட்டில் உட்கார்ந்து அடுத்த லெவலுக்கு எதை எடுக்கலாம் என்று யோசிப்பதில் சிலருக்குப் பாதி இன்பம் இருக்கிறது, அது உண்மையான இன்பம். அது அவருக்கு இங்கே கிடைக்காது. அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

சில சந்திப்புகளுக்குப் பிறகு மேசையைக் கவனியுங்கள். எல்லோரும் "நீயே சொல்லு" என்று உங்களையே பார்த்தால், அவர்களுக்குப் பிடித்துக்கொள்ள இன்னும் விதிகள் வேண்டும் என்று பொருள். அப்போது டி அண்ட் டி-க்கு மாறுங்கள், முதல் லெவலிலிருந்து. அங்கே ஒரு வசதி, எல்லோரும் ஒரே அளவு சுமக்க வேண்டியதில்லை. முதல் லெவல் ஃபைட்டருக்கு (போர்வீரன்) சண்டைப் பாணி ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும், மூச்சு வாங்கிக் கொஞ்சம் உயிரை மீட்கும் திறன் ஒன்றும் உண்டு. அதே லெவல் விசார்டுக்கு (மந்திரவாதி) எத்தனை முறையும் போடக்கூடிய சிறு மந்திரங்களான கேன்ட்ரிப் மூன்று, ஆறு ஸ்பெல் கொண்ட புத்தகம், தினமும் எதைத் தயார் செய்வது என்ற தேர்வு. கதைக்காக வருகிறவருக்கு ஃபைட்டர், மூன்றாம் லெவலில் அதன் எளிய உட்பிரிவான சாம்பியன். விதிப் பிரியருக்கு விசார்டு.

ஆர்வத்தில் நண்பர் புதுப் புத்தகம் வாங்கக் கிளம்பினால், 2024-ல் திருத்திய பதிப்பு வந்திருப்பதை நினைவூட்டுங்கள். உங்களிடம் இருப்பது 2014. இரண்டையும் கலந்து ஆட முடியும், ஆனால் ஒரே ஸ்பெல்லுக்கு இரண்டு வாசகங்கள் இருந்தால் மேசையில் வாக்குவாதம்தான். எந்தப் பதிப்பு என்று முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.