தூரிகை எழுத்துரு: பெயர்ப்பலகைக்கா, விலைப்பட்டியலுக்கா?

கேள்வி: எங்கள் கடையின் ஆங்கிலப் பெயரை 'பிரஷ் ஸ்கிரிப்ட்' எழுத்துருவில் அமைக்க விரும்புகிறோம். விலைப்பட்டியலையும் அதிலேயே அச்சிடலாமா?

பதில்: பெயருக்கு மிகவும் பொருந்தும், விலைப்பட்டியலுக்கு வேண்டாம். ராபர்ட் ஸ்மித் வடிவமைத்து, அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனம் 1942இல் வெளியிட்ட இந்த எழுத்துரு, மை தோய்த்த தூரிகையால் விரைந்து எழுதிய தோற்றத்தை உலோக அச்செழுத்துக்குள் கொண்டுவந்தது. தனித்தனித் துண்டுகளாக வார்க்கப்படும் சிற்றெழுத்துகள், கோக்கும்போது ஒன்றன் வால் அடுத்ததன் தொடக்கத்தைத் தொட்டு நிற்க வேண்டும் என்பதோடு, கையெழுத்துக்கே உரிய சிறு ஒழுங்கின்மையும் அவற்றில் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது. நான் பெரிதும் மதிக்கும் கைத்திறன் இது.

இந்த இணைப்புதான் அதன் அழகு என்பதால், எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டினால் கோடு அறுந்து சொல் சிதறிவிடும். பெயர் முழுவதையும் பேரெழுத்துகளில் அமைப்பது அதைவிடப் பெரிய தவறு. அவை சொல்லின் முதலில் நிற்பதற்காக வரையப்பட்டவை, ஒன்றோடொன்று சேரா. சிறிய அளவில் தடித்த கோடுகள் நெருங்கிக் கண்ணைக் களைப்பாக்கும் என்பதால், விலைகளை அலங்காரமற்ற நேரான எழுத்துருவில் தருவதே வாடிக்கையாளருக்கு நாம் காட்டும் மரியாதை.

1950களின் விளம்பரங்களில் பெருவழக்காக இருந்ததால், இதில் அக்காலச் சாயல் தெரியும். அது வேண்டாமெனில், பிரெஞ்சு வடிவமைப்பாளர் ரோஜே எக்ஸ்கோஃபோன் தம் கையெழுத்தைக் கொண்டே உருவாக்கி 1953இல் வெளிவந்த 'மிஸ்த்ரால்' எழுத்துருவைப் பாருங்கள். அதன் ஓரங்கள் இன்னும் கரடுமுரடானவை.