ஸ்க்ராட்ச்: எங்கிருந்து தொடங்குவது?

ஒன்பது வயது மகளுக்கு ஸ்க்ராட்ச் சொல்லித்தர வேண்டும், எனக்கே புரோகிராமிங் தெரியாது என்கிறீர்கள். பரவாயில்லை, இருவரும் சேர்ந்தே கற்கலாம். கட்டளைகளை 'பிளாக்' எனும் வண்ணத் துண்டுகளாக அடுக்கிப் புரோகிராம் எழுத, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் மீடியா லேப் 2007-இல் வெளியிட்ட இலவச மென்பொருள் இது. பிரௌசரிலேயே ஓடும், இணையம் சரியில்லை என்றால் கணினியில் நிறுவிக்கொள்ளலாம்.

திறந்ததும் ஒரு பூனை நிற்கும். முதலில் பச்சைக் கொடி உள்ள மஞ்சள் பிளாக்கை இழுத்துப் போடுங்கள். கீழே 'ஃபாரெவர்' (உள்ளே இருப்பதைத் திரும்பத் திரும்பச் செய்யும்), அதற்குள் 'மூவ் 10 ஸ்டெப்ஸ்' (நகரும்), 'இஃப் ஆன் எட்ஜ், பவுன்ஸ்' (ஓரத்தில் முட்டினால் திரும்பும்). கொடியை அழுத்தினால் பூனை ஓடும்; ஓரத்தில் முட்டித் திரும்பும்போது தலைகீழாகிவிடும்! உடனே சரிசெய்து கொடுத்துவிடாதீர்கள். ஏன் என்று அவளே யோசிக்கட்டும், முதல் பாடமே அங்கேதான் இருக்கிறது. அப்புறம் இடம்-வலமாக மட்டும் திரும்பச் சொல்லும் 'செட் ரொட்டேஷன் ஸ்டைல் லெஃப்ட்-ரைட்' பிளாக்கைக் காட்டுங்கள். கொடிக்கும் ஃபாரெவருக்கும் நடுவில் செருகினால் பூனை நிமிர்ந்தே ஓடும்.