உள்ளூர்ப் பயிற்றுநர் என்றால் இளப்பமா?

கேள்வி: ஜெர்மனியின் ஹைடன்ஹைம் காற்பந்துக் குழுவின் பயிற்றுநர் ஃபிராங்க் ஷ்மிட்டைப் பலரும் புகழ்கிறார்கள். முதல்நிலை லீக்கில் ஒரு நாளும் ஆடாத அவருக்கு, சொந்த ஊர்க்காரர் என்ற சலுகையில்தானே பதவி கிடைத்தது? எங்கள் ஊர்க் குழுவிலும், மாநில அணிக்கு ஆடித் திரும்பிய தோட்டத்துப் பையன் ஒருவரைப் பயிற்றுநராக வைத்திருக்கிறோம். இரண்டு பருவங்களாகக் கிண்ணம் இல்லை. வெளியூரிலிருந்து பெயர் பெற்ற ஒருவரை அழைத்து வருவதுதானே முறை?
- ஒரு வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: முறையன்று. ஷ்மிட் 1974-இல் ஹைடன்ஹைமில் பிறந்தவர். ஆகன், மான்ஹைம் முதலிய குழுக்களுக்குத் தற்காப்பு ஆட்டக்காரராக ஆடிவிட்டு, கடைசி ஆண்டுகளில் ஊர்க் குழுவுக்குத் திரும்பி, 2007-இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டு செப்டம்பரில், நான்காம் நிலை லீக்கில் இருந்த அக்குழுவை இரண்டு ஆட்டங்களுக்கு மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தான் அவரிடம் ஒப்படைத்தார்கள். ஊர்க்காரர் என்ற சலுகை அந்த இரண்டு ஆட்டங்களோடு தீர்ந்துவிட்டது. அதற்குப் பின் அவரை அங்கே நிறுத்தியது அவருடைய வேலை.

2008-லும் 2009-லும் குழு அடுத்தடுத்து மேலேறியது (2008-இல் புதிய மூன்றாம் நிலை லீக் ஒன்று நடுவே நுழைந்ததால், முதல் ஏற்றத்துக்குப் பின்னும் குழு நான்காம் நிலையிலேயே இருந்தது). அதன் பிறகு வந்த காலத்தைத்தான் உங்கள் செயற்குழு ஊன்றிக் கவனிக்க வேண்டும். மூன்றாம் நிலையிலேயே ஐந்து பருவங்கள் கழிந்தன. 2014-இல் இரண்டாம் நிலைக்கு ஏறிய பின் அங்கே ஒன்பது பருவங்கள். 2020-இல் முதல்நிலை லீக்கான புண்டஸ்லீகாவுக்குரிய தகுதிச் சுற்றில் வெர்டர் பிரெமனிடம் 0-0, 2-2 என இரண்டு ஆட்டங்களிலும் தோற்காமலேயே, கோல்கள் சமமானால் வெளித்திடலில் கூடுதலாக அடித்த அணியே வெல்லும் என்ற அன்றைய விதியால் வாய்ப்பை இழந்தார்கள். அன்று ஆத்திரத்தில் அவரை நீக்கியிருந்தால், 2023 மே மாதம் ரேகன்ஸ்பர்க்கில் 0-2 எனப் பின்தங்கியிருந்த அதே குழு, தொண்ணூறு நிமிடம் கடந்த பின் இரண்டு கோல்களை அடித்து, 3-2 என வென்று முதல் நிலைக்கு ஏறியிருக்குமா? மக்கள்தொகை ஏறத்தாழ ஐம்பதாயிரமே உள்ள அந்த ஊரின் குழு, மறு ஆண்டே பாயர்ன் மியூனிக்கை வீழ்த்தி, எட்டாம் இடத்தில் முடித்து, ஐரோப்பியப் போட்டிக்கும் சென்றது. 2025-இல் கீழே இறங்கும் விளிம்பு வரை போய், தகுதிச் சுற்றில் இரண்டாம் நிலைக் குழுவான எல்வர்ஸ்பெர்க்கை வென்று தப்பியது. அப்போதும் ஷ்மிட்தான் பயிற்றுநர்.

பதினாறு ஆண்டுகள் காத்திருந்தவர்களின் கதையை வைத்துக்கொண்டு, இரண்டு பருவங்களில் பொறுமை இழந்துவிட்ட நீங்கள் கேள்வி கேட்கிறீர்கள். உங்கள் பயிற்றுநருக்கு நீங்கள் செய்து கொடுத்தது என்ன என்பதை உங்கள் கடிதம் சொல்லவில்லை. ரப்பர் செம்பனைக்கு வழிவிட்டு, தோட்டங்கள் கைமாறி, லயங்கள் காலியானபோது, தோட்டத்துக்கு ஒரு திடல், திடலுக்கு ஒரு குழு என்றிருந்த வாழ்வும் நம்மைவிட்டுப் போயிற்று. அங்கிருந்து பட்டணத்துத் தாமான்களுக்கும் (குடியிருப்புப் பகுதிகளுக்கும்) அடுக்குமாடிகளுக்கும் வந்த குடும்பங்களின் பிள்ளைகளை மறுபடி ஒரு திடலில் சேர்ப்பவர் அவர். ஒரு பையன் பயிற்சிக்கு வராவிட்டால், அவன் வீட்டுக்கே போய்க் காரணம் கேட்கக்கூடிய உரிமை அவருக்கு உண்டு. பெயர் பெற்ற வெளியூர்க்காரருக்கு அந்த உரிமை எந்த ஒப்பந்தத்தாலும் வராது.

ஊர்ப்பாசம் மட்டுமே தகுதி என்று நான் சொல்லவில்லை. ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தின் சி, பி, ஏ, புரோ என்ற உரிமப் படிகளில் அவர் ஏறத்தான் வேண்டும். நேற்று ஆடிய அனுபவத்தை மட்டும் வைத்து இன்று பயிற்சி கொடுக்க இயலாது. ஆனால் அந்த வகுப்புகளுக்குக் கட்டணமும் விடுப்பும் தேவை, இரண்டையும் அவர் தம் சம்பளத்திலிருந்து ஈடுகட்ட வேண்டுமா? பெயரும் பணமும் இருந்தாலே குழு நிலைக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். மலேசிய இந்தியர்களின் காற்பந்துக் குழுவாகத் தொடங்கி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக் வரை சென்ற குழுவே 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது, அந்த இழப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் பயிற்றுநரை மாற்றும் தீர்மானத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அவருடைய அடுத்த உரிமத்துக்கான செலவையும், இளையோர் அணிக்குத் திடல் கிடைக்கும் நாட்களையும் விவாதத்துக்குக் கொண்டு வாருங்கள். ஐந்து பருவங்களுக்கு அவரைத் தொந்தரவு செய்வதில்லை என்று எழுத்தில் கொடுங்கள்.